வீட்டு மேசையில் ஒரு பாரோமீட்டர்: பிஎம்பி280 சென்சாரை இஎஸ்பி32-வில் படிப்பது

"அத்தை, புக்ல 1013னு போட்டிருக்கு. இது 909 காட்டுது. சென்சார் போச்சா?"

கேட்டவள் என் அண்ணன் மகள். ஃபர்ஸ்ட் பியூசி படிக்கிறாள். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தையல் மெஷின் மேசை மேல் இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டையும், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்பி280 சென்சார் பதித்த நகத்தளவு ஊதா போர்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

சென்சார் போகவில்லை. எங்கள் வீட்டில் 909 ஹெக்டோபாஸ்கல்தான் (காற்றழுத்தத்தின் அலகு) வர வேண்டும். 1013 வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். 1013 என்பது கடல்மட்டத்துக் கணக்கு. பெங்களூர் அதற்கு 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவு. பாதரசக் கணக்கில் சொன்னால், கடற்கரையில் 760 மில்லிமீட்டர் நிற்கும் பாதரசம் எங்கள் வீட்டில் 682-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். அடுப்பில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

நான் பீன்யாவில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருடம் பிரஷர் கேஜ் காலிப்ரேஷன் பார்த்தவள். முள் ஏதோ ஒரு எண்ணில் நிற்கிறது என்பதற்காக அந்த எண்ணை நாங்கள் நம்பியதில்லை. டெட் வெயிட் டெஸ்டரில் மாட்டி, எடை வைத்து, ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் சர்டிஃபிகேட்டில் கையெழுத்து. இந்தக் குட்டி சென்சாருக்கும் அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் இதில் ஒயர் மாட்டுவதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, வந்த எண் சரிதானா என்று பார்ப்பதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

வாங்குவதும் மாட்டுவதும்

சிக்பேட் மெட்ரோவில் இறங்கி நடந்தால் எஸ்பி ரோடு வந்துவிடும். பிஎம்பி280 போர்டு என்று கேட்டால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் எடுத்துப் போடுவார்கள். இதற்கு அண்ணன் முறையில் பிஎம்இ280 என்று ஒன்று உண்டு. அது ஈரப்பதமும் அளக்கும், விலையும் கூட. ஒரு கடையில் என்னிடம் பிஎம்இ என்று காசு வாங்கிக்கொண்டு பிஎம்பியைக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். போர்டில் பளபளவென்று ஒரு உலோக மூடி, அதில் ஊசி முனை அளவு துளை இருக்கும். மூடி நீள்சதுரமாக இருந்தால் பிஎம்பி (2 மில்லிமீட்டருக்கு 2.5), சரிசதுரமாக இருந்தால் பிஎம்இ. கடைக்கு ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போங்கள்.

அந்தத் துளை வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. உள்ளே மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்று இருக்கிறது. காற்று அழுத்தும்போது அது வளையும், வளையும்போது அதன் மேல் இருக்கும் மின்தடைகள் மாறும். துளை மேல் பசையோ, ஹாட் குளூவோ, ஃப்ளக்ஸோ படக் கூடாது. பின் (ஊசிக்கால்) வரிசையைச் சால்டர் செய்த பிறகு போர்டைக் கழுவவும் கூடாது. சால்டர் சூட்டில் அளவு கொஞ்சம் நகரும் என்று இதைச் செய்யும் பாஷ் நிறுவனமே டேட்டாஷீட்டில் எழுதியிருக்கிறது: கீழே 0.5, மேலே 2 ஹெக்டோபாஸ்கல் வரை. இது சில்லை (சிப்பை) போர்டில் பதிக்கும்போது நடப்பது. நாம் பின் மட்டும் சால்டர் செய்கிறோம், ஆனாலும் சூட்டை அந்த மூடிப் பக்கம் போக விடாதீர்கள்.

மின்சாரம் 3.3 வோல்ட்தான். இந்தச் சில்லு 3.6-க்கு மேல் தாங்காது, ஊதா போர்டில் வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டரும் இல்லை. 5 வோல்ட் கொடுத்தால் தீர்ந்தது. ஆர்டுயினோ ஊனோ போர்டின் சிக்னல் ஒயர்களும் 5 வோல்ட் என்பதால் அதை விட்டுவிட்டு இஎஸ்பி32 எடுத்துக்கொண்டோம். அது பிறவியிலேயே 3.3. மாட்டும் விதம் இது: விசிசி 3.3-க்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு, எஸ்சிஎல் 22-ஆம் பின்னுக்கு, எஸ்டிஏ 21-ஆம் பின்னுக்கு. மிச்சம் இரண்டு பின் இருக்கும். சிஎஸ்பியை 3.3-இல் கட்டுங்கள், அப்போதுதான் சென்சார் ஐ2சி, அதாவது எஸ்சிஎல், எஸ்டிஏ என்ற இரண்டு ஒயரில் பேசும் முறையில், பேசும். எஸ்டிஓவைக் கிரவுண்டில் கட்டுங்கள், முகவரி ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்முறையில்) 76 ஆகும். எஸ்டிஓவை 3.3-இல் கட்டினால் 77. இந்த இரண்டையும் அந்தரத்தில் விட்டாலும் பல போர்டுகள் ஓடும், ஆனால் கட்டிவிட்டால் நிம்மதி.

சென்சாரை இஎஸ்பி32-வுக்கு ஒட்டி வைக்காதீர்கள். வைஃபை ஓடும்போது அந்த போர்டு நன்றாகச் சூடாகும். ஒரு சாண் ஒயர் விடுங்கள்.

முதல் கேள்வி: நீ யார்?

ஒயர் மாட்டியவுடன் அழுத்தத்தைக் கேட்காதீர்கள். முதலில் டி0 என்ற ரெஜிஸ்டரை, அதாவது சென்சாருக்குள் அந்த ஹெக்ஸ் எண்ணில் இருக்கும் நினைவக அறையை, படியுங்கள். பிஎம்பி280 என்றால் ஹெக்ஸில் 58 வரும், பிஎம்இ280 என்றால் 60. கடைக்காரர் ஏமாற்றினாரா என்பது இங்கே தெரிந்துவிடும். ஒன்றுமே வரவில்லை என்றால் முகவரியை 77 ஆக்கிப் பாருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் எஸ்டிஏ, எஸ்சிஎல் இடம் மாறியிருக்கும், அல்லது பின் சால்டர் ஆகாமல் சும்மா செருகியிருக்கும். எங்களுக்கு இரண்டாவதுதான் நடந்தது. போர்டை விரலால் அமுக்கினால் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும்.

அடாஃப்ரூட் நிறுவனம் தயாராக எழுதி வைத்திருக்கும் நிரல் தொகுப்பை, அதாவது லைப்ரரியை, போட்டுக்கொண்டால் பத்து வரியில் வேலை முடிந்துவிடும். அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது தானாக எடுத்துக்கொள்வது 77-ஐ. நம் போர்டு 76 என்பதால் தொடங்கும் வரியில் முகவரியை நாமே கொடுக்க வேண்டும். பாதிப் பேர் சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். லைப்ரரி தரும் எண் பாஸ்கலில் இருக்கும், நூறால் வகுத்தால் ஹெக்டோபாஸ்கல்.

ஆனால் ஒரு முறையாவது லைப்ரரி இல்லாமல் படித்துப் பாருங்கள் என்பேன். உள்ளே நடப்பது அவ்வளவு அழகு.

சர்டிஃபிகேட் உள்ளேயே இருக்கிறது

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு கேஜுக்கும் தனியாக ஒரு காகிதம் உண்டு: இந்தக் கேஜ் இந்த இடத்தில் இவ்வளவு தவறும் என்று. பிஎம்பி280 அந்தக் காகிதத்தை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு வருகிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு சில்லையும் சோதித்து, அதற்கே உரிய பன்னிரண்டு எண்களை அதன் நினைவகத்தில் எழுதிவிடுகிறார்கள். ஹெக்ஸ் 88-இலிருந்து 24 பைட் படித்தால் அவை கிடைக்கும். முதல் மூன்றும் வெப்பத்துக்கு. வெ1, வெ2, வெ3 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஒன்பதும் அழுத்தத்துக்கு: அ1 முதல் அ9 வரை.

இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. வெ1-ம் அ1-ம் எப்போதும் மிகை எண்கள், மற்ற பத்தும் குறை எண்ணாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வகை மாறியில் படித்தால், அ1 32767-ஐத் தாண்டும் சில்லில் அது குறை எண்ணாகத் திரும்பிவிடும், அழுத்தம் அர்த்தமில்லாமல் வரும். இரண்டாவது, இந்த 24 பைட்டில் சின்ன பைட் முதலில், பெரிய பைட் அப்புறம். அளவு வரும் ரெஜிஸ்டர்களிலோ பெரியது முதலில். ஒரே சில்லுக்குள் இரண்டு வழக்கம்.

அடுத்து அளக்கச் சொல்ல வேண்டும். எஃப்4 ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 55 எழுதுங்கள். வெப்பத்தை 2 முறை, அழுத்தத்தை 16 முறை அளந்து சராசரி எடு, ஒரே தடவை அளந்துவிட்டுத் தூங்கு என்று அதற்கு அர்த்தம். அதிகபட்சம் 43 மில்லிசெகண்ட் எடுக்கும், 50 காத்திருந்தால் போதும். அப்புறம் எஃப்7-இலிருந்து ஆறு பைட்டை ஒரே மூச்சில் படியுங்கள்; துண்டு துண்டாகப் படித்தால் ஒரு அளவின் தலையும் இன்னொன்றின் வாலும் ஒட்டிக்கொள்ளலாம். முதல் மூன்று பைட் அழுத்தம், அடுத்த மூன்று வெப்பம். முதல் பைட்டை 4096-ஆல் பெருக்கி, இரண்டாவதை 16-ஆல் பெருக்கி, மூன்றாவதை 16-ஆல் வகுத்து மீதியைத் தள்ளிவிட்டு, மூன்றையும் கூட்டினால் 20 பிட் கச்சா எண். அது சரியாக 524288 என்று வந்தால் சென்சார் இன்னும் அளக்கவே இல்லை என்று பொருள். எஃப்4-இல் எழுதியது போய்ச் சேரவில்லை.

கணக்கில் வெப்பம் முதலில் வர வேண்டும், ஏனென்றால் அழுத்தக் கணக்கு அதன் தோளில்தான் ஏறி நிற்கிறது. வெப்பத்தின் கச்சா எண்ணைக் 'க' என்று வைத்தால்:

முதல் பகுதி = (க ÷ 16384 − வெ1 ÷ 1024) × வெ2
இரண்டாம் பகுதி = (க ÷ 131072 − வெ1 ÷ 8192)² × வெ3
இரண்டின் கூட்டுத்தொகை ÷ 5120 = வெப்பநிலை, செல்சியஸில்

அந்தக் கூட்டுத்தொகையைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள், அழுத்தத்துக்கு அது வேண்டும். அழுத்தச் சூத்திரம் பத்துப் பன்னிரண்டு வரி. டேட்டாஷீட்டில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுங்கள். தசம எண் வடிவத்தை எடுத்தால் மாறிகள் டபுள் வகையில் இருக்கட்டும். ஊனோவில் டபுள் என்று எழுதினாலும் அது 4 பைட் ஃப்ளோட்தான். இஎஸ்பி32-வில் நிஜமான 8 பைட்.

எழுதியது சரியா என்று பார்க்க டேட்டாஷீட்டிலேயே ஒரு மாதிரிக் கணக்கு இருக்கிறது. வெ1 27504, வெ2 26435, வெ3 −1000. அ1-இலிருந்து வரிசையாக 36477, −10685, 3024, 2855, 140, −7, 15500, −14600, 6000. கச்சா வெப்பம் 519888, கச்சா அழுத்தம் 415148. இவற்றை உங்கள் நிரலுக்குக் கொடுத்தால் 25.08 டிகிரியும் 100653.27 பாஸ்கலும் வர வேண்டும். அண்ணன் மகள் இதைக் காகிதத்திலும் கால்குலேட்டரிலும் ஒரு முறை போட்டுப் பார்த்தாள். வெப்பம் முதல் தடவையே வந்துவிட்டது. அழுத்தத்தில் ஓர் அடைப்புக்குறி தவறி, மறுநாள் சாயங்காலம்தான் சரியானது.

கையால் செய்யும் சோதனைகள்

சென்சாரை ஒயரோடு ஒரு ஜிப் கவரில் போட்டு, முடிந்தவரை மூடி, கவரை உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். எண் சட்டென்று ஏறி, கையை எடுத்ததும் இறங்க வேண்டும்.

அடுத்தது சூடு. போர்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருங்கள். வெப்பநிலை நாலைந்து டிகிரி ஏறும், அழுத்தம் அசையக் கூடாது. டிகிரிக்கு 1.5 பாஸ்கல் வரை நகரலாம் என்பது டேட்டாஷீட் கணக்கு. ஐந்து டிகிரிக்கு 0.1 ஹெக்டோபாஸ்கல்கூட இல்லை. உங்களுடையது அதற்கு மேல் ஓடினால் அந்தப் பன்னிரண்டு எண்களில் ஏதோ ஒன்றைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். இன்னொன்று, சென்சார் காட்டும் வெப்பநிலை அதன் சொந்த உடம்புச் சூடு. கணக்குக்கு அதுதான் தேவை. அதை அறையின் வெப்பநிலை என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது மாடிப்படி. எங்கள் பக்கத்து உயரத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் குறைய ஏறக்குறைய 9.5 மீட்டர் ஏற வேண்டும். கடற்கரையில் இதற்கு 9 மீட்டர்கூட வேண்டாம், அங்கே காற்று அடர்த்தி. தெருவாசலிலிருந்து மொட்டை மாடி வரை டேப் பிடித்து அளந்தோம், 9.6 மீட்டர். பவர் பேங்கில் போர்டை மாட்டி, கீழே ஐந்து நிமிடம், மேலே ஐந்து நிமிடம், மறுபடி கீழே ஐந்து நிமிடம் வைத்தோம். வித்தியாசம் 1.01. கீழே இரண்டாவது முறை வைப்பதை விட்டுவிடாதீர்கள். நாம் படியேறும் நேரத்தில் ஊர்க் காற்றே ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம். இரண்டு கீழ் அளவுகளின் சராசரியை எடுத்தால் அது கழிந்துவிடும். கேஜை ஏற்றியும் இறக்கியும் பார்ப்பது போலத்தான்.

இது சென்சாரின் பலத்தையும் காட்டுகிறது. வித்தியாசத்தை அளப்பதில் இது கெட்டிக்காரன், பிழை 0.12-க்குள். தனி அளவில் 1 ஹெக்டோபாஸ்கல் வரை தள்ளி நிற்கலாம். அந்தத் தள்ளலைத்தான் அடுத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டின் உயரமும் விமான நிலையமும்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல பாரோமீட்டர் வேண்டும். தேவனஹள்ளியில் கெம்பேகவுடா விமான நிலையத்தில் அது இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை அங்கிருந்து வரும் வானிலைக் குறிப்பை மெட்டார் என்பார்கள். நிலையத்தின் குறியீடு விஓபிஎல். அதில் க்யூ என்ற எழுத்துக்குப் பின் நாலு இலக்கம் வரும், 1015 என்பது போல. அது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். நம் அளவையும் அதே முறையில் மாற்றினால் ஒப்பிடலாம்:

கடல்மட்ட அழுத்தம் = நம் அளவு ÷ (1 − உயரம் ÷ 44330)^5.255

எங்கள் உயரத்துக்கு 920 மீட்டர் போட்டால் 909 என்பது 1015 ஆகிறது. பத்து மீட்டர் தவறாகப் போட்டால் விடை 1 ஹெக்டோபாஸ்கல் தவறும். அதனால் உயரம் முக்கியம். போன் காட்டும் ஜிபிஎஸ் உயரத்தை நான் நம்புவதில்லை. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையின் மேல் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். மல்லேஸ்வரம் ஸ்டேஷன் எங்களுக்கு நடக்கும் தூரம். பலகை எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கே பிளாட்பாரத்தில் ஒரு அளவு, வீட்டில் ஒரு அளவு, திரும்பப் போய் ஒரு அளவு எடுத்தோம். வித்தியாசத்தை 9.5-ஆல் பெருக்கிப் பலகை உயரத்தோடு சேர்த்தால் வீட்டின் உயரம் வந்துவிட்டது.

மெட்டாரில் தசமம் இருக்காது, கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்கிவிடுவார்கள். 1015 என்றால் நிஜம் 1015-க்கும் 1016-க்கும் நடுவில். அதனால் ஒரு அளவை வைத்து முடிவுக்கு வராமல், நாலைந்து நாளில் இருபது முப்பது அளவு சேர்த்து, மெட்டார் எண்ணோடு அரையைக் கூட்டி, சராசரி வித்தியாசம் பாருங்கள். எங்கள் சென்சார் 0.7 அதிகமாகக் காட்டுகிறது. அதை நிரலில் கழித்துவிட்டோம்.

மேலே இருக்கும் சூத்திரம் விமானத்துக்கு ஏற்றது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. கடல்மட்டத்தில் 15 டிகிரி, மேலே போகப் போகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் நம் ஊர் எப்போதும் 9 டிகிரியில் இருக்க வேண்டும். பெங்களூரில் யாருக்கு 9 டிகிரி? நிஜமான 24, 25 டிகிரியை வைத்துக் கணக்குப் போட்டால் அதே 909-க்குக் கடல்மட்ட அழுத்தம் 1010-க்குப் பக்கத்தில்தான் வரும். ஐந்து ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம்! விமான நிலைய எண்ணோடு ஒப்பிடும்போது அவர்கள் சூத்திரத்தையே பயன்படுத்துங்கள். வானிலை வரைபடத்தில் இருக்கும் சமஅழுத்தக் கோட்டோடு ஒப்பிட்டால் ஒத்துவராது.

காற்று தானே வந்து செய்யும் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், இதற்கு நாம் எதுவுமே செய்ய வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு அளவு எடுத்து மூன்று நாள் பதிவு செய்யுங்கள். சென்சாரை வெளியே தொங்கவிட வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளும் வெளியிலும் அழுத்தம் ஒன்றுதான், மழையில் நனையாமல் அலமாரி மேலேயே இருக்கட்டும். கதவு படாரென்று சாத்தினால் பதிவுக் கோட்டில் ஒரு சின்ன முள் விழும், அவ்வளவே.

மூன்றாம் நாள் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு நாளில் இரண்டு மேடு, இரண்டு பள்ளம் தெரியும். காலை பத்து மணியை ஒட்டி ஒரு உச்சம், மாலை நாலு மணியை ஒட்டி ஒரு பள்ளம், இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடியற்காலை நாலுக்கு மறுபடி பள்ளம். பகல் பள்ளம்தான் ஆழம், மொத்த ஏற்ற இறக்கம் மூன்று நாலு ஹெக்டோபாஸ்கல் இருக்கும். வெயில் மேலே ஓசோனையும் கீழே நீராவியையும் சூடாக்க, மொத்தக் காற்று மண்டலமும் கடல் அலை போல ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. குளிர் நாடுகளில் இது சின்னது, அங்கே வரும் பெரிய புயல்களில் மறைந்துபோகும். நம் பக்கத்தில் எந்தச் சாதாரண நாளிலும் பளிச்சென்று தெரியும்.

உங்கள் வரைபடத்தில் மதியம் ஒரே ஒரு மேடோ பள்ளமோ மட்டும் இருந்து, அது வெப்பநிலைக் கோட்டோடு சேர்ந்து நடந்தால், நீங்கள் அளப்பது சூட்டை. வெ, அ எண்களிடம் திரும்பிப் போங்கள். கோடு தட்டையாக இருந்தால் பழைய அளவையே திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் எஃப்4-இல் 55 எழுத மறந்திருப்பீர்கள். இரண்டு மேடும் நேரத்துக்கு வந்தால் ஒயர், எண்கள், சூத்திரம் மூன்றும் சரி.

இந்த அலை தெரியாமல்தான் பலரும் சாயங்காலம் நாலு மணிக்கு அழுத்தம் இறங்கியதைப் பார்த்து மழை வரும் என்று முடிவு கட்டுகிறார்கள். மழையைப் பார்க்க வேண்டுமென்றால் நேற்று இதே நேரத்து அளவைக் கழித்துப் பாருங்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் கீழே போகும். ஏப்ரல், மே இடிமழையில் வேறு மாதிரி: மழைக்குச் சற்று முன் குளிர்ந்த காற்று தெருவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும்போது, கோடு சட்டென்று மேலே ஒரு படி ஏறும். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று கனமானது, அதன் எடைதான் அந்தப் படி. முதல் முறை அதைத் திரையில் பார்த்ததும் அண்ணன் மகள் மொட்டை மாடிக்கு ஓடிக் கொடியில் காய்ந்த துணியை எடுத்தாள். கடைசிப் புடவையை எடுக்கும்போது தூறல் விழுந்துவிட்டது.

வருடத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல் வரை சென்சார் தானாக நகரலாம் என்பதால், மெட்டாரோடு ஒப்பிடுவதை வருடம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைப்போம்; அந்த வாரத்திலேயே இதையும் வைத்துக்கொண்டோம். 0.7 என்ற எண்ணைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள், கீழே அவள் கையெழுத்து.